ஐந்து நாள் மொரிஷியஸ், நான்கு நாள் ரீயூனியன்

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியும், அவளுக்கு நிச்சயம் செய்திருக்கும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். இருவருக்கும் கோயம்புத்தூரில் கணினி வேலை. காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளை பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். கட்டம் போட்டு, நாள்வாரியாக, எங்கள் அலுவலகத்துப் பயணத் திட்டப் படிவம் போலவே இருந்தது.

"தாத்தா, தேனிலவுக்கு மொரிஷியஸ் அஞ்சு நாள், ரீயூனியன் நாலு நாள்னு பிரிச்சிருக்கோம். ரெண்டாவது தீவுல எல்லாமே பிரெஞ்சுதானாம். உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றாள் பேத்தி.

எங்களுக்குக் கல்யாணம் ஆன 1976-இல் தேனிலவு என்ற சொல்லை ஸ்ரீதர் எடுத்த சினிமாவின் பெயராகத்தான் அறிவோம். மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் பஸ் பிடித்துக் கொடைக்கானல் போனோம். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம். மலைப்பாதையில் என் மனைவிக்கு இரண்டு தடவை வாந்தி. அதுதான் எங்கள் தேனிலவு. அதனால் யோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்த இரண்டு தீவுகளின் பெயரையும் ஒரே தாளில் பார்த்ததும் பேசத் தொடங்கி, ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. "தாத்தா, இதையெல்லாம் எழுதிக் கொடுங்க, ஃபிளைட்ல படிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதுதான் இது. மற்ற அன்பர்களும் படிக்கலாம்.

பள்ளிப் பாடத்தில் இருந்தது

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வேலை கிடைத்துத் திண்டுக்கல் வந்தது பின்னால். எங்கள் வகுப்பில் சுவரை அடைத்து ஒரு உலகப் படம் தொங்கும். அதில் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, மடகாஸ்கருக்கும் அப்பால், இரண்டு மிளகு போல இந்தத் தீவுகள் இருக்கும். இரண்டுக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர். இன்று விமானத்தில் முக்கால் மணி நேரம்.

மொரிஷியஸுக்கு அந்தப் பெயரை 1598-இல் வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். தங்கள் இளவரசர் மோரிட்ஸின் பெயரை வைத்தார்கள். அவர்கள் விட்டுப்போன பிறகு 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டு 'இல் தெ பிரான்ஸ்', அதாவது பிரான்ஸ் தீவு என்றார்கள். பக்கத்துத் தீவு அதற்கு முன்பே அவர்களிடம் இருந்தது. அதன் பெயர் புர்போன். பிரெஞ்சுப் புரட்சியில் புர்போன் அரச வம்சம் விழுந்ததும் 1793-இல் அதற்கு ரீயூனியன் என்று பெயர் மாற்றினார்கள். பிறகு நெப்போலியன் பெயரில் போனபார்த் தீவு, மறுபடியும் புர்போன், 1848 முதல் நிரந்தரமாக ரீயூனியன். ஆட்சி மாறும்போதெல்லாம் பெயர்ப்பலகை மாறுவது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை.

1735-இல் இரண்டு தீவுகளுக்கும் சேர்த்து ஒரே கவர்னராக வந்தவர் மாஹே தெ லா பூர்தொன்னே. போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டியவர் அவர்தான். 1746-இல் அந்தத் தீவிலிருந்து கப்பல்களோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தவரும் அவரே. எங்கள் பாடப்புத்தகத்தில் அவருக்குப் படத்தோடு ஒரு பக்கம் உண்டு. அந்தத் துறைமுகத்தைக் கட்டுவதற்குக் கொத்தனாரும் தச்சரும் கொல்லரும் எங்கிருந்து போனார்கள் என்பது மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லை. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போனார்கள். போர்ட் லூயிஸில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கே 'மலபார் முகாம்' என்று பெயர். அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்குத் தமிழர் எல்லாரும் மலபார்கள்தான். அதை நான் தெரிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகு, பழைய பிரெஞ்சு நூல்களை நிதானமாகப் படிக்க நேரம் கிடைத்தபோது.

பள்ளியில் படித்த இன்னொன்று 'போல் எ விர்ஜினி' என்ற கதை. பெர்னார்தேன் தெ சேன்பியேர் எழுதி 1788-இல் வெளிவந்தது. அவர் 1768 முதல் 1770 வரை அந்தத் தீவில் பொறியாளராக இருந்தவர். போல் என்ற பையனும் விர்ஜினி என்ற பெண்ணும் அங்கே ஒன்றாக வளர்கிறார்கள். அவள் பிரான்சுக்குப் போய்த் திரும்பும்போது கப்பல் கரைக்கு எதிரிலேயே உடைந்து இறந்துபோகிறாள். 1744-இல் உண்மையில் உடைந்த 'சேன் ழெரான்' என்ற கப்பலை வைத்து எழுதியது. வகுப்பில் பாதிப் பேர் அழுதோம். காதலர்களுக்கான தீவு என்ற பெயர் மொரிஷியஸுக்கு விடுதிக்காரர்கள் விளம்பரம் போட்டு வந்ததில்லை. இந்த ஒரு கதையால் இருநூறு வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது.

மலைக்கோட்டையும் அந்தத் தீவும்

திண்டுக்கல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எங்கள் வீட்டு மாடியிலிருந்து மலைக்கோட்டை தெரியும். 1755-இல் மைசூர் அரசு ஹைதர் அலியை இந்தக் கோட்டைக்கு ஃபௌஜ்தாராக அனுப்பியது. அவர் இங்கே புதுச்சேரியிலிருந்தும் திருச்சிப் பக்கத்திலிருந்தும் பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்து, பீரங்கிப் பட்டறையும் வெடிமருந்துச் சாலையும் அமைத்தார். ஹைதர் பெரிய ஆள் ஆனதற்கு அடித்தளம் இந்த ஊரில் போட்டது. அவர் காலத்திலும் மகன் திப்பு காலத்திலும் பிரெஞ்சு உதவி கடல் வழியாக வரவேண்டும் என்றால் இல் தெ பிரான்ஸ் வழியாகத்தான் வரும். 1798 ஜனவரியில் திப்புவின் தூதர்கள் அங்கே போய் இறங்கினார்கள். திப்புவுக்குத் துணையாகத் தொண்டர்கள் சேரலாம் என்று கவர்னர் மலார்த்திக் பகிரங்கமாக அறிக்கை ஒட்டினார். சேர்ந்தவர்கள் நூறு பேர் அளவுதான். ஆனால் அந்தக் காகிதமே வெல்லெஸ்லிக்குப் போதுமான சாக்காயிற்று. அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்புவும் மாண்டார்.

அந்தத் தீவில் இருந்து பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலக் கம்பெனியின் சரக்குக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டே இருந்தன. பொறுக்க முடியாமல் 1810-இல் ஆங்கிலேயர் படையெடுத்து, ஜூலையில் புர்போனையும் டிசம்பரில் இல் தெ பிரான்ஸையும் பிடித்தார்கள். அந்தப் படையில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள். நடுவே ஆகஸ்டில் கிராந்த் போர் என்ற இடத்தில் நடந்த கடற்போரில் மட்டும் பிரெஞ்சுக்காரர் வென்றார்கள். பாரீஸின் வெற்றி வளைவில் பொறித்திருக்கும் கடற்போர் அது ஒன்றுதான்.

அப்புறம் 1814-இல் பாரீஸில் உடன்படிக்கை. மொரிஷியஸை ஆங்கிலேயர் வைத்துக்கொண்டார்கள். புர்போனைப் பிரான்சிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காரணம் எளிது. மொரிஷியஸில் நல்ல இயற்கைத் துறைமுகம் உண்டு, புர்போனில் கிடையாது. துறைமுகம் இல்லாத தீவு அவர்களுக்கு எதற்கு?

1985 செப்டம்பரில் மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் தனியாகப் பிரிந்தபோது நான் இங்கே பணியில் இருந்தேன். எந்தக் கோப்பு மதுரைக்கு, எது திண்டுக்கல்லுக்கு என்று நாள்கணக்கில் பிரித்து மூட்டை கட்டினோம். ஒரே குடும்பத்தின் நிலத் தகராறு, அண்ணன் கோப்பு அங்கே, தம்பி கோப்பு இங்கே என்று போனதுண்டு. மேலே ஒருவர் கோடு போடுவார். கீழே இருப்பவன் எந்தப் பக்கம் விழுகிறானோ அதன்படி அவன் காரியம் நடக்கும். இந்த இரண்டு தீவுகளில் நம் ஆட்களுக்கு நடந்ததும் இதுதான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதும் இந்த ஒன்றைத்தான்.

சேர்ந்து கடல் தாண்டிய தம்பதிகள்

இரண்டு தீவிலும் கரும்பு. கரும்பை வெட்ட அடிமைகள். மொரிஷியஸில் ஆங்கிலேயர் 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறையை ஒழித்தார்கள். ரீயூனியனில் பிரெஞ்சுக்காரர் 1848 டிசம்பர் 20 அன்று ஒழித்தார்கள். விடுதலை பெற்றவர்கள் தோட்டத்தில் நிற்க விரும்பவில்லை. தோட்ட முதலாளிகளின் கண் இந்தியா மேல் விழுந்தது. ஐந்து வருட ஒப்பந்தம், மாதக் கூலி. 'கூலி' என்ற தமிழ்ச் சொல் உலகம் முழுக்கப் போனது இந்தக் கப்பல்களோடுதான்.

மொரிஷியஸுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகள் 36 பேர் 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' கப்பலில் போய் இறங்கினார்கள். 1920 வரை அப்படிப் போனவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். பெரும்பங்கு கல்கத்தா வழியாக. அடுத்த பங்கு சென்னை வழியாக. ரீயூனியனுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒரு லட்சத்துக்கும் மேல்.

நம் திண்டுக்கல் சமவெளியிலிருந்து பெரும்பாலோர் போனது வேறொரு தீவுக்கு. ராமேஸ்வரம் வழியாக இலங்கைக்கு, காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும். 1875-இல் திருச்சி–மதுரை ரயில் திண்டுக்கல் வழியாக ஓடத் தொடங்கியது. அடுத்த வருடமே தாது வருஷப் பஞ்சம். அந்த நாட்களில் யார் எந்தத் துறைமுகத்தில் போய் நின்றான் என்பது கங்காணியோ தரகனோ எந்தப் பக்கம் கூட்டிப்போனான் என்பதைப் பொறுத்தது.

இங்கே ஒரு வேடிக்கை. ரீயூனியனுக்கு ஆள் வேண்டும். ஆனால் புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சேர்த்தாலும் சிறிய இடம். ஆட்கள் இருப்பது ஆங்கிலேயர் ஆளும் தஞ்சாவூரிலும் தென்னாற்காட்டிலும் திருச்சியிலும். ஆகவே பிரான்ஸ் இங்கிலாந்திடம் கேட்டு 1860-இல் ஓர் ஒப்பந்தமும், 1861 ஜூலையில் இன்னொன்றும் போட்டுக்கொண்டது. 1861 ஒப்பந்தத்தைப் பிரெஞ்சில் முழுதாகப் படித்தேன். நாற்பது வருடம் அரசாணை படித்த கண்ணால் படித்தேன்.

வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு மேல் போகக் கூடாது. முடிந்தால் திரும்பக் கப்பல் சத்திரம் உண்டு. ஒவ்வொரு கப்பலிலும் ஏறும் ஆண்களின் எண்ணிக்கையில் கால் பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். பிறகு வருவது: கணவனை மனைவியிடமிருந்தும், பெற்றோரைப் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடமிருந்தும் பிரித்து வேறு வேறு முதலாளியிடம் அனுப்பக் கூடாது.

இந்தக் கடைசி விதியில் நான் நின்றுவிட்டேன். யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்யாதே என்று எந்த அரசும் சுற்றறிக்கை விடாது. தடை எழுதியிருக்கிறது என்றால் அது நடந்துகொண்டிருந்தது என்று பொருள். நூற்று அறுபது வருடங்களுக்கு முன் நம் பக்கத்துப் பெண்ணும் பையனும் வாரக்கணக்கில் பாய்மரக் கப்பலில் போய், அந்தக் கரையில் இறங்கி, தங்களை ஒரே தோட்டத்துக்கு அனுப்புவார்களா என்று ஒரு அதிகாரியின் வாயைப் பார்த்து நின்றிருப்பார்கள். என் பேத்தியும் மாப்பிள்ளையும் ஒன்றாகப் போய் இறங்கப்போகும் அதே கரை.

விதி காகிதத்தில் இருந்தது. தோட்டத்தில் முழுதாக இல்லை. கூலி பாக்கி, கூடுதல் நேர வேலை என்று புகார்கள் குவிந்தன. 1877-இல் மேஜர் ஜெனரல் கோல்ட்ஸ்மிட், கேப்டன் மியோ என்ற இருவரைக் கொண்ட ஆங்கில–பிரெஞ்சுக் கூட்டு விசாரணை நடந்தது. 1882-இல் ஆங்கில அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. அதன்பின் அங்கிருந்தவர்களுக்கு ஊரிலிருந்து புது ஆள் இல்லை, செய்தி இல்லை. இருந்தவர்கள் இருந்தபடி.

எழுதியவன் காதில் விழுந்ததே பெயர்

ஒரு குமாஸ்தாவாக என் மனத்தைத் தைத்தது இன்னொன்று: பெயர்கள். இறங்கியவர்களை வரிசையில் நிறுத்திப் பதிவேட்டில் எழுதியவன் என்னைப் போல ஒரு எழுத்தர். அவனுக்குத் தமிழ் தெரியாது. அவன் காதில் விழுந்ததுதான் பெயர். சீனிவாசன் 'சீனீவாசென்' ஆனான். வீரப்பிள்ளை 'விராபுல்லே' ஆனான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் அந்தப் பதிவேட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. இறங்கிய அந்த ஒருவனின் சொந்தப் பெயரே அவன் பேரன் பேத்திகள் எல்லாருக்கும் குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

நானும் அப்படி ஒரு தவறு செய்தவன். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு விதவையின் பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதிவிட்டேன். வெள்ளையம்மாள் என்பது வெள்ளத்தம்மாள் ஆகிவிட்டது. அதைச் சரிசெய்யும் வரை, ஐந்து மாதம், அந்த அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. கடைசியில் பணம் வந்தபோது என்னிடமே வந்து, "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது நினைத்தாலும் நெஞ்சு சுருக்கென்கிறது. என்னுடையது ஐந்து மாதத்தில் திருந்திய தவறு. அந்தத் தீவுகளில் எழுதியது இன்றும் அப்படியே நிற்கிறது.

மொரிஷியஸில் 1860-களில் கூலிகளைப் படம் பிடித்து வைக்கத் தொடங்கினார்கள். 1867 சட்டப்படி ஒப்பந்தம் முடிந்தவர்களும் படம் ஒட்டிய அனுமதிச் சீட்டை எப்போதும் மடியில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறை. இதை எதிர்த்து 1871-இல் 9,401 பேர் கையொப்பமிட்டு ஒரு மனு கொடுத்தார்கள். மனுவை எழுதியவர் அடோல்ஃப் தெ ப்ளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர். அவருக்குத் துணையாக நின்றவர் இராஜரத்தின முதலியார் என்ற தமிழர். அந்த மனுவால் அரச விசாரணைக் குழு வந்தது. மனு எழுதினால் பலன் உண்டு என்று நம்பும் என் போன்றவர்களுக்கு இது ஒரு நல்ல செய்தி.

கோட்டின் இரண்டு பக்கமும்

மொரிஷியஸில் இந்தியர்கள் 1871 கணக்கிலேயே மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிட்டார்கள். 1901-இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் மூன்று வாரம் அங்கே தங்கினார். கல்வி, வாக்குரிமை, கட்சி என்று படிப்படியாக ஏறி 1968 மார்ச் 12 அன்று சுதந்திரம். அங்கே தைப்பூசக் காவடிக்குத் தேசிய விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998-இல் அச்சிட்ட புது நோட்டில் இந்தியைத் தமிழுக்கு மேலே வைத்துவிட்டார்கள் என்று தமிழர்கள் எதிர்த்தார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, தமிழை முன்பு இருந்த இடத்திலேயே வைத்து மறுபடி அச்சிட்டது. நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் படமும் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழருடையது. பதிவேட்டில் திரிந்த அதே 'சீனீவாசென்'.

ரீயூனியனில் நடந்தது வேறு. அங்கே நம்மவர் சிறுபான்மை. பிரெஞ்சு ஆட்சியின் வழக்கம் எல்லாரையும் பிரெஞ்சுக்காரர் ஆக்குவது. நானும் அந்த ஆலையில் கொஞ்ச நாள் அரைபட்டவன்தான். அலுவலகத்துக்குக் கிறிஸ்தவப் பெயர், வீட்டுக்குள் சாமி பெயர். 1946-இல் தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆகிவிட்டது. தமிழ்ப் பேச்சு நாவிலிருந்து போய்விட்டது. கிரியோல்தான் பேச்சு.

ஆனால் எது போகவில்லை என்று பாருங்கள். சாமிகள் போகவில்லை. அங்கே 'மார்தேவிரின்' என்று ஒரு காவல் தெய்வம். குதிரை, கத்தி, கிடாவெட்டு எல்லாம் உண்டு. வேறு யாருமில்லை, நம் மதுரை வீரன். வேடசந்தூர் பக்கம், வத்தலகுண்டு பக்கம் வயல் ஓரத்தில் நிற்பவர்தான். திரௌபதிக்கு அங்கே 'பாந்தியாலே' என்று பெயர். பாண்டவர் மனைவி என்ற பொருளில். அவளுக்காக இன்றும் தீ மிதிக்கிறார்கள். இரவு முழுக்க நடக்கும் கூத்துக்கு 'நார்ல்கோன்' என்று பெயர். நாடகம் என்ற சொல் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. பொருள் தெரியாமலே பாட்டுகளை நோட்டில் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடியிருக்கிறார்கள்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். இரண்டு தீவிலும் 'ப்ரேத் முரூம்' என்று ஒரு கீரை. 'முரூம்' என்பது நம் முருங்கை. ஒட்டன்சத்திரம் சந்தையில் லாரி லாரியாக ஏறுகிறதே, அதன் இலை. 'ருகாய்' என்ற காரத் தொடுகறி நம் ஊறுகாயிலிருந்து வந்தது என்பார்கள். மொரிஷியஸில் வாழை இலையில் ஏழு கறி வைப்பார்கள். அதோடு வரும் 'ரசோன்' நம் ரசம்.

ஒரு பக்கம் மொழி ரூபாய் நோட்டில் ஏறியது. மறுபக்கம் மொழி போய்ச் சாமியும் முருங்கைக்கீரையும் தங்கின. எந்தப் பக்கத்தார் மேல், எந்தப் பக்கத்தார் கீழ் என்று நான் சொல்லமாட்டேன். எந்தத் தீவில் இறங்குவது என்று முடிவு செய்தவர்கள் அவர்கள் இல்லை. அதனால்தான் ஒரு தீவை மட்டும் பார்த்துவிட்டு வருவது பாதிக் கோப்பைப் படிப்பது போல என்று நினைக்கிறேன். இந்தப் பிள்ளைகள் தெரிந்தோ தெரியாமலோ இரண்டையும் எழுதியிருக்கிறார்கள்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம்

மாப்பிள்ளைக்கு என் யோசனைகள்.

முதலில் காலம். அங்கே நம்முடைய பருவத்துக்கு நேர் எதிர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும் புயலும். நீங்கள் போகும் செப்டம்பர் நல்ல காலம். ரீயூனியன் கடலில் திமிங்கலம் பார்க்கும் பருவமும் அதுதான்.

இரண்டாவது, அனுமதி. மொரிஷியஸில் சுற்றுலாவாகப் போகும் இந்தியருக்கு இறங்கிய பிறகே முத்திரை போடுகிறார்கள். ரீயூனியன் அப்படியல்ல, அது பிரான்ஸ், செலாவணி யூரோ. ஆனால் ஐரோப்பாவுக்கு வாங்கும் ஷெங்கன் விசாவின் எல்லைக்குள் அது வராது, விதிகள் தனி. டிக்கெட் எடுக்கும் முன் அதைப் பாருங்கள். இதில் எனக்கு ஒரு சின்ன வருத்தமும் சிரிப்பும் உண்டு. 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் வகுப்புத் தோழர்கள் சிலருடைய அப்பாக்கள் எழுதிக் கொடுத்தார்கள். என் அப்பா கொடுக்கவில்லை. அந்தத் தோழர்கள் ரீயூனியனுக்கு உள்ளூர்ப் பயணம் போலப் போகலாம். என் பேத்தி படிவம் நிரப்ப வேண்டும். இதுவும் ஒரு கோடுதான். அப்பா செய்ததில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

மூன்றாவது, பார்க்க வேண்டியவை. கடற்கரையை நான் சொல்ல வேண்டாம், அதற்குத்தானே போகிறீர்கள். மொரிஷியஸில் பவழப்பாறைக்குள் அமைதியான கடல். ரீயூனியனில் மலை, 3,070 மீட்டர் உயரம், கொடைக்கானலைப் போல ஒன்றரை மடங்கு. பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது. சிலாவோஸ் போகும் மலைப்பாதையில் வளைவுகள் அதிகம். உன் பாட்டியின் வயிறு உனக்கும் இருந்தால், பேத்தி, எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்.

ஆனால் இரண்டு தீவிலும் ஆளுக்கு அரை நாள் எனக்குக் கொடுங்கள்.

மொரிஷியஸில் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் 'ஆப்ரவாசி காட்' இருக்கிறது. 1849-இல் கட்டத் தொடங்கிய கூலிகளின் இறங்குமிடம். 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஏறிய பதினாறு கல் படிகள் இன்னும் இருக்கின்றன. அப்படியே கைலாசன் கோயிலுக்கும் போங்கள். அங்கே இருப்பவர்கள் சொக்கலிங்கமும் மீனாட்சி அம்மனும். அதாவது மதுரையிலிருந்து முன்பே போய்ச் சேர்ந்தவர்கள்.

ரீயூனியனில் தலைநகர் சேன் தெனிக்குப் பக்கத்தில் கிராந்த் ஷலூப் என்ற இடத்தில் 'லசரே' இருக்கிறது. 1860-களில் கட்டியது. காலரா, அம்மை பயத்தால் புதிதாக இறங்கியவர்களை அங்கே அடைத்து வைத்துத்தான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். இப்போது காட்சியகம். பலகைகள் பிரெஞ்சில் இருக்கும். படம் எடுத்து அனுப்புங்கள். நான் உட்கார்ந்த இடத்திலேயே மொழிபெயர்த்துச் சொல்கிறேன். நீங்கள் கேட்டு வந்த உதவி அதுதானே.

இன்னொன்று. பதிவேடுகளைப் பார்க்க நேர்ந்தால் 'திண்டுக்கல்' என்று மாவட்டக் கட்டத்தில் தேடாதீர்கள். அப்போது அப்படி ஒரு மாவட்டம் இல்லை. 'மதுரா' என்று இருக்கும். மொரிஷியஸ் ஆவணங்கள் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன.

எழுதி முடித்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். "சின்னஞ்சிறுசுக தேனிலவுக்குப் போகுதுங்க, கூலி லைன் பார்க்கவா போகுதுங்க?" என்றாள். நியாயமான கேள்விதான். அன்று மாலையே பேத்தியிடம் போனில் சொன்னேன், விருப்பமில்லையென்றால் விட்டுவிடு என்று. அவள், "இல்ல தாத்தா, அவர் அப்பவே தாள்ல எழுதிட்டாரு. மூணாவது நாள் காலையில, ஏழாவது நாள் சாயங்காலம்" என்றாள். பிறகு, "வையாபுரின்னு ஒருத்தர் அங்க ஜனாதிபதியாவே இருந்தாராமே, அது நம்ம ஊர்ப் பேர்தானே?" என்று கேட்டாள்.

உண்மைதான். பார்லென் வையாபுரி என்பவர் 2018 முதல் 2019 வரை மொரிஷியஸின் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்தார். பழனியின் பழைய பெயர் வையாபுரி. அங்கே வையாபுரிக் குளம் இன்றும் இருக்கிறது. அவருடைய முன்னோர் எந்த ஊரோ, எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எந்த எழுத்தரோ ஒருவன் அந்தப் பெயரைக் காதில் வாங்கி, ஓரளவு சரியாகவே எழுதிவைத்திருக்கிறான். அவனுக்கு என் வணக்கம்.

கல்யாணம் முடிந்து பிள்ளைகள் போய்வந்த பிறகு, படங்களோடு மீதியை எழுதுகிறேன்.